பொட்லாவும் நாற்பத்தொரு வரிகளும்

கல்கத்தா லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்றாம் மாடி வீட்டில் முத்துக்குமார் லுங்கி கட்டி ஆறு நாளாகிவிட்டது. காரணம், ஹாலில் டி.வி.க்கு மேலே உட்கார்ந்திருந்த கேமரா. கோழி முட்டை அளவுதான் இருக்கும். ஆனால் அதற்குக் கண் மட்டுமல்ல, வாயும் உண்டு.

“முத்து, ஷூ ரேக் கதவு ஓப்பனா இருக்கு.”

முதல் நாள் இந்தக் குரல் கேட்டபோது கையில் இருந்த டீ முழுவதும் பேண்டில் கொட்டியது. பேசியது சிங்கப்பூரில் இருக்கும் கௌஷிக், வீட்டுச் சொந்தக்காரி காமு மாமியின் ஒரே மகன். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவன். தமிழை வங்காளத்திலும் இங்கிலீஷிலும் தொட்டுத் தொட்டுத்தான் பேசுவான். அவன் சிங்கப்பூருக்குப் போனபோது அம்மாவையும் ஒரு பீகிள் நாயையும் இந்த வீட்டில் விட்டுப் போனான். நாயின் பெயர் பொட்லா. வங்காளத்தில் மூட்டை என்று அர்த்தம். பார்த்தாலும் மூட்டை மாதிரித்தான் இருக்கும், பதின்மூன்று கிலோ.

மாமிக்கு முழங்கால் ஆபரேஷன். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. கௌஷிக் வந்து ஆபரேஷன் முடியும்வரை இருந்துவிட்டு மூன்றாம் நாளே திரும்பிப் போய்விட்டான். போகும்போது கேமராவை மாட்டினான். பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினான். நாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள நாற்பத்தொரு வரிகள், இங்கிலீஷில், எண் போட்டு.

முத்துக்குமார் அதில் பத்து வரி படித்தான். பிளக் பாயின்ட்டுக்கெல்லாம் மூடி போட்டிருக்க வேண்டும். தரை துடைத்த பினாயில் காய்கிறவரை நாயை அந்தப் பக்கம் விடக்கூடாது. கொசுவத்தி கூடாது. பாச்சை உருண்டை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் இரும்புக் கம்பத்தின் பக்கம் நாயைக் கொண்டுபோகக் கூடாது, கரண்ட் இருக்கும். பத்தாவது வரி: சாக்லேட் கொடுக்காதே. அதோடு நிறுத்திக்கொண்டான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றுதான் அவனுக்கு இருந்தது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் நானூறு தலைக்கட்டு உள்ள ஊர். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. ஹவுராவில் ஒரு பெயின்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. டப்பாவின் லேபிளில் ஒரு எழுத்து தப்பியிருந்தால்கூட மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவன் என்று அங்கே அவனுக்குப் பெயர். இந்த வீட்டுக்கு வந்த மறுவாரமே, வாசலில் ‘வெங்கடநாராயணன்’ என்று மாமியின் காலமான வீட்டுக்காரர் பெயர் இருந்த பித்தளைப் பலகைக்குக் கீழே, ‘ஏ. முத்துக்குமார், எம்.எஸ்ஸி.’ என்று சின்னதாக ஒரு பலகை அடித்து மாட்டியவன். அவனுக்கு நாய் வளர்க்கப் பாடம்!

ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கல்கத்தாவுக்கு வந்த புதிதில் வீடு தேடி அலைந்தபோது, நம்ம ஆட்கள் என்று நம்பிப் போன மூன்று இடத்திலும் சுற்றி வளைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: தம்பி, நீங்க எந்த ஆளுங்க? காமு மாமி மட்டும்தான் வேறு கேள்வி கேட்டாள். “நாய்னா பயமா உனக்கு?” இல்லை என்றான். “அப்போ பெட்டியைக் கொண்டு வா” என்றுவிட்டாள்.

அதற்காகத் தீபாவளிக்கு ஊருக்குப் போக வைத்திருந்த லீவை எல்லாம் எடுத்து வீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வேலைக்கு இடைவேளை கிடையாது என்று. சமையலறை வாசலில் நாய் நுழையாமல் இருக்க ஒரு மரத் தடுப்பு. ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கித் தாண்டித்தான் போக வேண்டும். குளித்துவிட்டுத் துண்டோடு ஹாலைக் கடக்க முடியாது. ஜன்னல் திறந்தால் குரல். மிக்ஸி போட்டால் குரல். “முத்து, பொட்லா ஏதோ மெல்லறது. என்ன அது? வாயைத் திறந்து காட்டுங்க.” பொட்லாவின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தால் தன்னுடைய சாக்ஸ். “சாக்ஸ், சார்.” “பன்னிரண்டாவது பாயின்ட் பார்க்கலையா?” “பார்த்தேன், சார்.”

தன்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவன். அவனைச் சார் என்று கூப்பிட வேண்டியிருந்தது வேறு நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மாமி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

“முத்துக்குமார், நாளைக்கு மஹாளய அமாவாசை. ஞாபகம் இருக்கோ?”

“தெருவே சொல்லுதே மாமி. துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டு வழியெல்லாம் அடைச்சுட்டாங்க.”

“கௌஷிக் அங்கேயே தர்ப்பணம் பண்ணிடுவான். ஆனா மாமாவுக்குத் தெரிஞ்ச காக்காய் இங்கதானே வரும்? அவர் போனதுலேர்ந்து ஒரு அமாவாசைகூட நான் வெக்காம இருந்ததில்லை. நீ ஒரு பிடி பருப்பு சாதம், நெய் விட்டுப் பிசைஞ்சு பால்கனித் திட்டுல வெச்சுடறயா? அவ்ளோதான். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“நான் வைக்கலாமா, மாமி?”

“ஏன் வெக்கப்படாது? குளிச்சுட்டு வை. காக்காய் என்ன உன் ஜாதகமா கேக்கப் போறது?”

போனை வைத்துவிட்டுச் சமையலறையைப் பார்த்தான். மாமியின் அடுப்பில், மாமியின் உருளியில், மாமாவுக்காகச் சமைக்கிற வேலை. வெறும் பருப்பு சாதத்தோடு விடலாமா? கடைக்கு இறங்கினான். இரண்டு நறுக்கு வாழையிலை, சேமியா, முந்திரி, ஒரு பாக்கெட் உலர்திராட்சை. பாயசமும் வைத்துவிட வேண்டியதுதான்.

மஹாளயா அன்று விடியுமுன்னே எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே ரேடியோ சண்டிபாட், தேவி மாஹாத்மியப் பாராயணம், ஒலித்தது. எட்டு மணிக்குக் குளித்தான். துண்டோடு ஹாலுக்கு வந்தவன் கேமராவைப் பார்த்தான். பச்சைப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் பேண்ட் போட்டுக்கொண்டு, தடுப்பைத் தாண்டித் தாண்டி, அடுப்புப் பக்கத்தில் நிற்கிறபோது ஹாலிலிருந்து “முத்து, நெய் சட்டி கைப்பிடி வெளிப்பக்கம் இருக்கு” என்று குரல் கேட்டால்? ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் ஒரு மனுஷனைப் போல இருந்துவிட்டால் என்ன?

எட்டு நாற்பதுக்கு பிளக்கைப் பிடுங்கினான். லுங்கியை எடுத்துக் கட்டினான். இடுப்பில் காற்றுப் பட்டதும் ‘அப்பாடா’ என்று தானாக வாய்விட்டு வந்தது.

பாயசம் நன்றாகவே வந்தது. ஒன்பதே கால் இருக்கும். இலையில் பருப்பு சாதமும் ஓரத்தில் இரண்டு கரண்டி பாயசமும் வைத்துப் பால்கனி கிரில்லுக்கு உள்பக்கத் திட்டில் வைத்தான். “கா… கா…” என்று மாமியைப் போலவே கூப்பிட்டான். எதிர் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். ஒரு காக்கை வந்து கிரில்லில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து கம்பெனியிலிருந்து போன். ஏதோ ஒரு லாட்டின் பாகுத்தன்மை சரியில்லையாம். பேசிக்கொண்டே அறைக்குள் போனான். பால்கனிக் கதவைத் தள்ளிவிட்டுத்தான் போனான், தாழ் போடவில்லை.

திரும்பி வரும்போது இலை கீழே கிடந்தது. காக்கை இழுத்த இழுப்பில் உள்பக்கம் விழுந்திருக்கிறது. பொட்லா இலையை நக்கி நக்கிக் கண்ணாடியாக்கிவிட்டிருந்தது. காக்கை கிரில்லில் உட்கார்ந்து ஊரைக் கூட்டியது.

“அடப் பாவி! மாமா சாப்பாட்டையே தின்னுட்டியாடா?” முத்துக்குமார் சிரித்தேவிட்டான். இன்னொரு இலையில் இன்னொரு பிடியும் கொஞ்சம் பாயசமும் வைத்து, இந்தத் தடவை கதவையும் தாழிட்டான். காக்கை எடுத்தது. மாமிக்குப் போட்டோ அனுப்பினான். நாய்க்குப் பாயசம் கிடைத்தது அதன் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தான்.

பத்தே கால் மணிக்குப் பொட்லா சாப்பாட்டு மேஜைக்கு அடியில் வாந்தி எடுத்தது. எடுத்துவிட்டு அங்கேயே படுத்தது. ‘பொட்லா’ என்று கூப்பிட்டால் வால் மட்டும் ஒரு தரம் தரையைத் தட்டியது. பிஸ்கட்டைக் காட்டினான்; முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாக்ஸையே தின்கிற நாய் பிஸ்கட்டை வேண்டாம் என்றபோதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

நாய் டாக்டரின் போன் நம்பரும் விலாசமும் பிரிட்ஜ் காகிதத்தில் கடைசி வரியில் இருக்கும் என்று கௌஷிக் சொன்னது ஞாபகம் வந்தது. ஓடினான். விரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தான். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருபத்து மூன்றில் விரல் நின்றது.

திராட்சை, உலர்திராட்சை, கிஸ்மிஸ் எதுவும் ஒன்றுகூடக் கூடாது. சிறுநீரகம் செயலிழந்துவிடும். தின்றுவிட்டால் காத்திருக்காதே, உடனே டாக்டர்.

சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது. ஆறு நாளாகத் தினமும் இருபது தடவை அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறான்.

வேலைப் பழக்கம் விடவில்லை. டாக்டர் முதலில் கேட்கப் போவது எப்போது, எத்தனை என்பதுதான். கேமரா ஓடியிருந்தால் நிமிஷக் கணக்காகக் காட்டியிருக்கும். வாந்தியிலும் பாயசத்திலும் பாக்கெட்டிலும் இருந்த திராட்சையை அவசர அவசரமாக எண்ணினான். பாயசப் பாத்திரத்தை மூடி ஒரு துணிப்பையில் வைத்தான். மீதித் திராட்சைப் பாக்கெட்டை அதோடு போட்டான். லுங்கியோடு ஓடப் பார்த்தவன் திரும்பி வந்து பேண்ட்டை மாட்டினான். நாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கினான்.

தெருவை மூங்கில் அடைத்திருந்தது. சாரத்துக்குள் குனிந்து, கயிற்றைத் தாண்டி, பெரிய சாலைக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முதல் டாக்ஸிக்காரர் நாயைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாமவர் கண்ணாடியை இறக்கி, “வாந்தி எடுக்காதில்ல?” என்று கேட்டார்.

“எடுக்காது தாதா. சத்தியமா எடுக்காது” என்றான், தனக்குத் தெரிந்த வங்காளத்தில்; தாதா என்றால் அங்கே அண்ணன்.

டாக்டர் இருக்கும் பவானிபூர் திரும்புவதற்குள் எடுத்தது. முத்துக்குமார் சட்டையின் முன்பக்கத்தை ஏந்திப் பிடித்து ஒரு சொட்டுகூட சீட்டில் விழாமல் வாங்கிக்கொண்டான். பிறகு குனிந்து அதில் திராட்சை எத்தனை என்று எண்ணினான். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் ஸ்மிதா வங்காளி. நடுத்தர வயது. மஹாளயா என்று அரை நாளோடு பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். நாயை மேஜையில் போட்டதும் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

“எப்போ தின்னது?”

“ஒன்பதே காலுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில.”

“எத்தனை?”

முத்துக்குமார் பையைத் திறந்தான். பாதி பாக்கெட் போட்டேன் மேடம், மீதிப் பாதியில நாற்பத்தாறு இருக்கு, ஆக பாத்திரத்தில போனதும் சுமார் அவ்வளவுதான். பாத்திரத்தில இப்போ முப்பத்தெட்டு. காக்கைக்கு வெச்ச ரெண்டாவது இலையில ஒண்ணோ ரெண்டோ. அப்போ இவன் தின்னது ஏழு இருக்கும். வீட்டில எடுத்த வாந்தியில மூணு. இதில ரெண்டு. சட்டையைக் காட்டினான்.

டாக்டர் சட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “நீங்க டாக்டரா?”

“எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி” என்றான். அந்த எழுத்துக்களைச் சொல்லும்போது நாக்கில் ஒரு இனிப்பும் இல்லாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா திராட்சைக்குக் கணக்கு கிடையாதுங்க. ஒரு நாய் இருபது தின்னுட்டுக் குதிக்கும். இன்னொரு நாய் ரெண்டு தின்னுட்டுப் போயிடும். இது எந்த நாய்னு மூணு நாள் ரத்தப் பரிசோதனை முடிஞ்சாத்தான் தெரியும்.”

மிச்சம் இருந்ததையும் ஊசி போட்டு வெளியே எடுக்க வைத்தார். முன்காலில் ஊசி செருகி, கட்டுப் போட்டு, சலைன் ஏற்றினார். முத்துக்குமார் வராந்தாவுக்கு வந்து போனைப் பார்த்தான். கௌஷிக்கிடமிருந்து நான்கு மிஸ்டு கால். கடைசியில் ஒரு செய்தி: ‘கேமரா ஆஃப்லைன். நெட் போயிடுச்சா?’

பதிலைக்கூட அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை தட்டினால் போதும். முத்துக்குமார் அதைத் தட்டாமல் மாமியைக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னான்.

“உன்னை யாருடா பாயசம் பண்ணச் சொன்னா?” என்றாள். கோபம் அந்த ஒரு வாக்கியத்தோடு தீர்ந்துவிட்டது. “கௌஷிக்குக்குச் சொல்லிட்டயா?”

“இன்னும் இல்ல மாமி.”

“சொல்லாதே. நெட் போயிடுத்துன்னே சொல்லிடு. நன்னா கேட்டுக்கோ. பொட்லாவுக்குச் சிங்கப்பூர் ஒத்துக்காது, பார்த்துக்க ஆள் வேணும்னு சொல்லித்தான் நான் இங்க இருக்கேன். அவனும் சரின்னு விட்டு வெச்சிருக்கான். நாய்க்கு ஒண்ணு ஆச்சுன்னா அடுத்த பிளேன்ல என்னைத் தூக்கிண்டு போயிடுவான். பதினாறாவது மாடி. ஜன்னலைத் திறக்க முடியாது. பேசறதுக்கு ஒரு லிப்ட்டுதான் உண்டு. புரியறதா?”

புரிந்தது. நாய் மாமியைக் காக்கிறது, மாமி தன்னைக் காக்கிறாள், எல்லாரையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு இப்போது ஒரு சலைன் பாட்டிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் மாமிக்கு வீடு போகும். பொய் சொல்லலாம் என்றால், கட்டுப் போட்ட காலோடு ஒரு நாயை எந்தக் கேமராவுக்கு முன்னால் ஒளித்து வைப்பது? கேமராவை மாட்டாமலே இருந்தால் அதுவும் கேள்விதான்.

சாயங்காலம் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து மெத்தையில் கிடத்தினான். அதன் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தான். அப்புறம் டி.வி.க்கு முன்னால் போய் பிளக்கைச் செருகினான். பச்சைப் புள்ளி எரிந்து பத்து விநாடிகூட ஆகவில்லை.

“அப்பா! வந்துடுச்சா நெட்டு? காலைலேர்ந்து… வெயிட், பொட்லா கால்ல என்ன அது?”

முத்துக்குமார் கேமராவை நேராகப் பார்த்து நின்றான்.

“நெட் போகல சார். நான்தான் பிடுங்கினேன்.”

“வாட்? ஏன்?”

“லுங்கி கட்டணும்னு.”

அதே மூச்சில் மீதியையும் சொல்லிவிட்டான். பாயசம், இலை, தாழ் போடாத கதவு, இருபத்து மூன்றாவது வரி. “மாமி பருப்பு சாதம் மட்டும்தான் வைக்கச் சொன்னாங்க. பாயசம் நானா வெச்சது. மாமி மேல இதுல ஒரு தப்பும் இல்ல.”

கௌஷிக் முதலில் வங்காளத்தில் கத்தினான். பிறகு இங்கிலீஷில். கடைசியாகத் தமிழுக்கு வந்தான். “நீங்க எம்.எஸ்ஸி.ங்க! வாசல்ல போர்டெல்லாம் வெச்சிருக்கீங்க! ஒரு பேஜ், ஒரே ஒரு பேஜ் படிக்க முடியலையா?”

“முடிஞ்சிருக்கும் சார். படிக்கல.”

“பொட்லாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மாவை நான் அங்க விட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அந்த மூன்று நாளும் முத்துக்குமார் வீட்டுக்கும் பவானிபூருக்கும் நடந்த நடையைத் தெரு அளந்து வைத்திருக்கும். பந்தல்காரர்களுக்கே பழகிப்போனது, நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று பார்த்ததும் ஒரு மூங்கிலை உயர்த்தி வழி விட்டார்கள். பகல் முழுக்க சலைன். ராத்திரி மெத்தைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்தான். நாய் ஒன்றுக்குப் போகிறதா, எத்தனை தடவை, என்ன நிறம் என்று எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எழுதினான். இரண்டு கம்பெனி லாட்டுக்கு எழுதுகிற அளவு எழுதினான். கேமரா பேசவில்லை. பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. குரல் இருந்ததைவிட அது இல்லாததுதான் கழுத்தைப் பிடித்தது. நாற்பத்தொரு வரிகளையும் அந்த மூன்று நாளில் மனப்பாடமாக்கிவிட்டான். வெங்காயம் பதினெட்டு. காபித்தூள் பத்தொன்பது. எலி மருந்து முப்பது. பந்தல் ஆணி இருபத்தெட்டு. இவ்வளவையும் தாண்டி ஒரு நாய் உயிரோடு இருப்பதே அதிசயம்தான் என்று தோன்றியது.

முதல் பரிசோதனையில் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டாவதில் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் டாக்டர் ஸ்மிதா காகிதத்தைப் பார்த்துவிட்டு அவன் கையில் கொடுத்தார். அவன் அதை மேலிருந்து கீழ்வரை, அடிக்குறிப்பு, அச்சகப் பெயர் உட்பட, இரண்டு தடவை படித்தான்.

“இறங்கிடுச்சு” என்றான்.

“படிக்கத் தெரியுதே” என்று டாக்டர் சிரித்தார்.

அன்று சாயங்காலம்தான் கேமரா வாய் திறந்தது.

“முத்து.”

“சார்.”

“இன்னொரு கேமரா ஆர்டர் பண்ணியிருக்கேன். பால்கனிக்கு. நாளைக்கு வரும், மாட்டிடுங்க.”

“சரி சார். நான்… வேற வீடு பார்த்துக்கறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள.”

“அதெல்லாம் வேண்டாம்.” கொஞ்சம் தயங்கினான் கௌஷிக். “நெட் போச்சுன்னு நீங்க ஈஸியா சொல்லியிருக்கலாம். அம்மாவே அப்படிச் சொல்லச் சொன்னாளாம். நேத்து அழுதுண்டே சொன்னா. அவளும் அங்கேயே இருக்கட்டும். ஆனா நீங்களும் இருக்கணும். நீங்க இருந்தாத்தான் அவ இருப்பா. ஓகே?”

முத்துக்குமார் தலையாட்டினான். திட்டித் தீர்த்து வீட்டை விட்டு அனுப்பியிருந்தால் எங்காவது ஒரு விடுதி அறையில் கிடந்து இஷ்டப்படி லுங்கி கட்டியிருக்கலாம். இப்போது அந்த வழியும் அடைபட்டது. உண்மையைச் சொன்னதற்கு இப்படியும் ஒரு தண்டனை உண்டு என்று எந்தக் கல்லூரியிலும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

மாமி வாக்கரைத் தட்டித் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிரிட்ஜ் காகிதத்தில் கடைசி வரிக்குக் கீழே முத்துக்குமாரின் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. 42: காக்கைக்குப் பருப்பு சாதம் மட்டும். வைக்கிற ஆள் வெளியே, நாய் உள்ளே, கதவு தாழ்.

அடுத்த அமாவாசை காளிபூஜை நாள். ஊரில் அன்றைக்குத் தீபாவளி முடிந்து மிச்சப் பலகாரம் தின்றுகொண்டிருப்பார்கள். மாமி நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெய் விட்டுப் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். முத்துக்குமார் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனான். பேண்ட்தான். மாமி உள்ளேயிருந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொட்லா மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு அவனையே பார்த்தது. ரத்தம் எடுக்கச் சிரைத்த முன்காலில் முடி திட்டுத் திட்டாக முளைக்க ஆரம்பித்திருந்தது.

“கதவு தாழ் போட்டாச்சா?” தலைக்கு மேலே புதுக் கேமரா கேட்டது.

“போட்டாச்சு சார்.”

“கா… கா…” என்று கூப்பிட்டான். உள்ளே மாமிக்குப் போன் வந்தது. வாக்கர் சத்தம் மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. அவள் பேசி முடித்து வந்து திறக்கிறவரை இங்கேதான் நிற்க வேண்டும். காக்கை வந்து உட்கார்ந்தது. கிரில்லுக்கு வெளியே இருந்து தலையைச் சாய்த்து, உள்ளே நின்றவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தது.